காகிதத்தை விட்டுக் கிளம்பும் சாயம்

எங்கள் பட்டறைக்கு, துணியைச் சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ் வந்த வாரம் முதல் வேலையாக ஒரு சோதனை செய்தோம். கபடி வீரர் படம் ஒன்றைச் சப்ளிமேஷன் காகிதத்தில் அச்சடித்து, நடுவில் வெட்டி இரண்டாக்கினோம். ஒரு பாதி வெள்ளைப் பருத்தி பனியன் மேல். மறு பாதி வெள்ளைப் பாலியெஸ்டர் ஜெர்சி மேல். இரண்டுக்கும் அதே 200 டிகிரி செல்சியஸ், அதே 45 விநாடி. காகிதத்தை உரித்தபோது பனியனில், மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி மங்கலாக ஓர் உருவம் தெரிந்தது. ஜெர்சியில் இருந்த பாதியோ கண்ணைப் பறித்தது. இரண்டையும் சோப்புப் போட்டுக் கசக்கித் துவைத்தோம். பனியனில் இருந்ததில் பெரும்பங்கு தண்ணீரோடு போனது. ஜெர்சியில் ஒரு நூல்கூட நிறம் மாறவில்லை.

பட்டறையில் எல்லோருக்கும் இளையவன், பாலிடெக்னிக்கில் படிக்கிற தம்பி, இரண்டு துணியையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, சாயம் துணி மேல ஒட்டுதுங்களா, இல்ல உள்ள போகுதுங்களா?"

இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், எந்தத் துணி ஆகும், எது ஆகாது, மழைக்காலத்தில் ஏன் புள்ளி விழுகிறது, கறுப்பு ஏன் பழுப்பாகிறது என்பதெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாக இருக்காது. ஒரே விஷயத்தின் கிளைகளாகப் புரிந்துவிடும்.

சப்ளிமேஷன் என்பதற்குப் பள்ளிப் புத்தகத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்போம். திடப்பொருள் உருகித் திரவமாகாமல் நேராக ஆவியாவது. கற்பூர டப்பாவை மூட மறந்தால் நாலு நாளில் வில்லைகள் இளைத்துவிடும். அலமாரியில் போட்ட அந்துருண்டை மிளகளவுக்குச் சுருங்கி, பிறகு மணம் மட்டும் மிஞ்சும். எங்கேயும் ஈரம் இல்லை, உருகிய தடம் இல்லை. நாங்கள் பிரிண்டரில் ஊற்றுகிற சாயமும் இந்தக் குணம் கொண்டதுதான். ஆனால் கற்பூரம் அறையின் சூட்டிலேயே கிளம்பிவிடும். இந்தச் சாயத்தைக் கிளப்ப 200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்.

இந்த வகைச் சாயங்களுக்கு டிஸ்பெர்ஸ் சாயம் என்று பெயர். தண்ணீரில் கரையாதவை, மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்க விடப்பட்டவை. பருத்திச் சாயங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இவற்றின் மூலக்கூறுகள் சிறியவை. சிவப்புக்குப் பரவலாகப் பயன்படும் டிஸ்பெர்ஸ் ரெட் 60 என்ற சாயத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 331. சிறியது, மின்னூட்டம் இல்லாதது, தண்ணீரோடு ஒட்டாதது. அதனால்தான் சூடேறியதும் சிதையாமல் ஆவியாகக் கிளம்ப முடிகிறது.

கிளம்பிய ஆவி எங்கே போகும்? பாலியெஸ்டர் இழையின் உள்ளே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. குளிர்ந்திருக்கும்போது அவை இறுகிப்போய் அசையாது. ஏறத்தாழ 70, 80 டிகிரியைத் தாண்டினால் சங்கிலிகளின் ஒழுங்கற்ற பகுதிகள் நெளியத் தொடங்கும். 200 டிகிரியில் அந்த நெளிவு பலமாக இருக்கும். சங்கிலிகளுக்கு நடுவே கண நேரம் திறந்து மூடும் இடைவெளிகள் உண்டாகும். சாய மூலக்கூறு அந்த இடைவெளி ஒன்றில் நுழையும், அடுத்ததற்குத் தாவும், இன்னும் உள்ளே போகும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் துணிக்கு ஒன்றும் ஆகாது. பிரஸ்ஸைத் திறந்து துணி ஆறியதும் சங்கிலிகள் மறுபடி இறுகிவிடும். நுழைந்த சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

தம்பியின் கேள்விக்கு இதுதான் பதில். சாயம் துணியின் மேல் ஒட்டவில்லை. நீரில் சர்க்கரை கரைகிற மாதிரி, பாலியெஸ்டர் என்ற திடப்பொருளுக்குள் கரைந்திருக்கிறது. அதனால்தான் அச்சடித்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே படம் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. உரியவோ வெடிக்கவோ மேலே ஒரு படலமே கிடையாது.

பருத்தியின் கதை வேறு. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. தண்ணீர் என்றால் அதற்கு உயிர். தண்ணீரை வெறுக்கும் இந்தச் சாயம் அதனுள் கரையாது. ஆவியாக வந்தது மேற்பரப்பில் படிந்து நிற்கும். சோப்புத் தண்ணீர் பட்டதும் கிளம்பிவிடும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் பாலியெஸ்டர் எத்தனை பங்கோ அத்தனை பங்கு நிறம்தான் நிலைக்கும். அந்த வெளிறிய தோற்றத்தை விரும்பிக் கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் அது முதல் துவைப்புக்குப் பிறகு எப்படியிருக்கும் என்று காட்டிவிட்டுத்தான் ஆர்டர் வாங்க வேண்டும்.

காகிதத்தில் பார்க்கும்போது படம் ஏன் அத்தனை மங்கலாக இருக்கிறது என்பதும் இதில் அடங்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அச்சுத்தாளைப் பார்த்துவிட்டு முகம் வாடுவார்கள். காகிதத்தில் சாயம் துகளாகக் குவிந்து கிடக்கிறது. துணிக்குள் போனதும் மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து கரைகிறது. குவிந்து கிடக்கும் சாயமும் கரைந்து நிற்கும் சாயமும் ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. பிரஸ்ஸைத் திறக்கும் நொடியில் நிறம் உயிர்பெறுவதைப் பார்க்கிற சந்தோஷம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் குறையவில்லை.

இந்தச் சாயம் டி-ஷர்ட்டுக்காகப் பிறந்ததல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் அசிடேட் ரேயான் என்ற புதிய இழை சந்தைக்கு வந்தது. பட்டுப்போல் மின்னியது, ஆனால் அன்றிருந்த சாயம் எதுவும் அதில் சரியாக ஏறவில்லை. தண்ணீரில் கரையும் சாயங்களை அந்த இழை உள்ளே விடவில்லை. கரையாத சாயத்தைத் துகளாக்கி மிதக்க விடும் வழியை 1920-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். பிறகு 1941-இல் ஜான் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினார்கள். அவர்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன். காலிகோ என்ற சொல் கள்ளிக்கோட்டையிலிருந்து போன பருத்தித் துணியால் வந்தது. நம் கடற்கரைப் பருத்தியின் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்து பருத்திக்குப் போட்டியான இழை பிறந்திருக்கிறது.

பாலியெஸ்டருக்கும் டிஸ்பெர்ஸ் சாயமே பொருந்தியது. ஆனால் சாயப்பட்டறைக்காரர்களுக்கு அதில் ஒரு தலைவலி. துணியைச் சூடேற்றிப் பதம் செய்யும்போது சில சாயங்கள் ஆவியாகி, பக்கத்தில் இருந்த துணியில் கறையாகப் படிந்தன. எந்தச் சாயம் சூட்டுக்கு ஓடாது என்று பார்க்கத் தனிப் பரிசோதனைகளே வகுக்கப்பட்டன. இன்றும் அவை உண்டு. அவர்கள் கணக்கில் ஓடுகிற சாயம் மட்டமான சாயம். 1950-களின் பிற்பகுதியில் பிரான்ஸின் ரூபே நகரத்து ஜவுளி நிறுவனம் ஒன்றில் வேலை செய்த நோயல் தெ பிளாஸ் இந்தக் குறையைத் தலைகீழாகத் திருப்பினார். ஓடுவதுதான் அதன் குணம் என்றால், முதலில் காகிதத்தில் படமாக அச்சடித்து, அங்கிருந்து துணிக்கு ஓடவிட்டால் என்ன? இன்று நாங்கள் செய்வது அதே வேலைதான். அன்று காகிதத்தைப் பெரிய அச்சு இயந்திரம் தயாரித்தது. இன்று மேசை மேலிருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர் தயாரிக்கிறது.

இனிப் பட்டறைக்கு வருவோம். கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே ஒரு ஷெட். எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் அக்கா, ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் அண்ணன், போட்டோ ஸ்டுடியோவிலிருந்து மக் அச்சடிக்க வருகிற ஒருவர், இந்தத் தம்பி, நான். வாடகையும் கரண்ட் பில்லும் பொது. கூட்டாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரிண்டரைப் பற்றி.

இங்க்ஜெட் பிரிண்டரில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், மை வெளிவரும் துளைக்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய சூடேற்றி மையைக் கொதிக்க வைத்து, அந்தக் குமிழி துளியை வெளியே தள்ளும். கேனான், எச்பி வீட்டுப் பிரிண்டர்கள் இப்படி. சூட்டில் கிளம்புவதற்கென்றே செய்த சாயத்தை அதில் ஊற்றுவது பொருத்தமில்லாத காரியம். இன்னொரு வகையில் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ படிகம் துளியைப் பிதுக்கித் தள்ளும், சூடே கிடையாது. எப்சன் இப்படி. நம் ஊரில் ஸ்டுடியோக்கள் பலவும் எப்சனின் டேங்க் பிரிண்டரை வாங்கி, பெட்டியோடு வந்த மையை ஊற்றாமல் தொடக்கத்திலேயே சப்ளிமேஷன் மை ஊற்றிக்கொள்வதற்கு இதுதான் காரணம். அப்படிச் செய்தால் கம்பெனி உத்தரவாதத்தை நம்ப முடியாது. சப்ளிமேஷனுக்கென்றே தயாரித்த பிரிண்டர்கள் விலை கூடுதல். ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். அத்தனை சிறிய துளை சும்மா இருந்தால் அடைத்துக்கொள்ளும். மையில் இருப்பது கரைசல் அல்ல, மிதக்கும் துகள். அடியில் தங்கும், துளை வாயில் காயும்.

கூட்டுப் பட்டறையின் முதல் ஆபத்து இங்கேதான். தனி ஆளின் பிரிண்டர் தினமும் ஓடும். பொதுப் பிரிண்டரை இன்னொருத்தர் ஓட்டியிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வோம். எங்கள் பிரிண்டர் ஒருமுறை பதினைந்து நாள் அப்படிச் சும்மா கிடந்து, நீல நிறத்துக்கான துளைகளில் பாதி செத்துப்போயின. அதற்குப் பிறகு முறை போட்டுக்கொண்டோம்: இரண்டு நாளைக்கு ஒருமுறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாராவது ஒருத்தர், துளைகள் சரியாக இருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாள் ஒன்று எடுத்துத் தேதி போட்டு ஆணியில் குத்த வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. சாதாரண மை பாட்டிலும் சப்ளிமேஷன் மை பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. ஒரு டேங்கில் தவறான பாட்டிலைச் சாய்த்துவிட்டால் குழாய் முழுவதையும் கழுவ வேண்டும்.

பிரஸ் அடுத்தது. 38 சென்டிமீட்டர் சதுரத் தட்டு உள்ள பிரஸ் 2,000 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். சாதாரண ஆறு ஆம்ப் பிளக்கில் சொருகினால் பிளக்கே கருகும். பவர் பிளக் வேண்டும், அதற்கென்று தனி வயர் வேண்டும். அக்காவின் எம்பிராய்டரி மெஷினும் பிரஸ்ஸும் ஒரே லைனில் இருந்த நாட்களில், பிரஸ் சூடேறத் தொடங்கியதும் மெஷினில் ஊசி தடுமாறியது. வயரிங்கைப் பிரித்த பிறகுதான் நிம்மதி.

பிரஸ்ஸின் திரையில் 200 என்று காட்டினால் தட்டெங்கும் 200 இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அந்த எண், சென்சர் பொருத்திய ஓர் இடத்தின் சூடு மட்டும். விளிம்புகள் பத்து டிகிரி குறைவாக இருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கும்போதும் கவனம் வேண்டும். பளபளக்கும் வெறும் அலுமினியத்தில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டுக்கு ஏற்ற அளவு கதிர்வீசுவதில்லை. எங்களுக்கு உதவிய வழி எளியது. தாள் முழுவதும் கறுப்பாக ஒரு படம் அச்சடித்து, மலிவான பாலியெஸ்டர் துணியில் தட்டின் முழு அளவுக்கு அழுத்தினோம். சப்ளிமேஷன் கறுப்பு பொதுவாகப் பல சாயங்களின் கலவை. ஒவ்வொன்றும் தனக்கான சூட்டில் கிளம்பும். சூடு சரியாக இல்லாத இடத்தில் ஒன்று முந்தி, இன்னொன்று பிந்தி, கறுப்பு பழுப்பாகத் தெரியும். துணியைப் பார்த்தால் தட்டின் சூட்டுக்கு ஒரு வரைபடமே கிடைக்கும். எங்கள் பிரஸ்ஸில் வலது முன்மூலை சோகை. அந்த மூலையில் படம் வராதபடி துணியை வைக்கிறோம்.

நேரமும் இதே மாதிரிதான். ஜெர்சிக்கு 195 முதல் 205 டிகிரியில் 45 முதல் 60 விநாடி. பாலியெஸ்டர் பூச்சுப் பூசிய மக்குக்கு 180-க்கும் 200-க்கும் நடுவே மூன்று நிமிட அளவில். பீங்கான் சூடேறவே நேரம் பிடிக்கும் என்பதால்தான் மக்குக்கு இத்தனை நேரம். நிறம் பத்தவில்லை என்று நேரத்தை ஏற்றிக்கொண்டே போகிற பழக்கம் எல்லோருக்கும் வரும். சாயம் உள்ளே பரவுகிற தூரம் நேரத்தோடு நேராக ஏறுவதில்லை. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் சாயம் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் பரவும். எழுத்தின் விளிம்பு கலங்கும். நிறம் ஏற வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தத்தை. காகிதத்துக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஆவி வழியிலேயே சிதறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேறொரு பிரச்சினை. காகிதமும் துணியும் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். 200 டிகிரித் தட்டு இறங்கியதும் அந்த ஈரம் நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, வெளியேற வழி தேடும். போகிற வழியில் சாய ஆவியையும் தள்ளிக்கொண்டு போகும். படத்தின் ஓரத்தில் புகை படிந்த மாதிரி கறை, நடுவில் வெளிறிய திட்டு. எத்தனை நல்ல மை வாங்கினாலும் இது தீராது. துணியை வெறுமனே பத்து விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்கிவிட்டு அதன் பிறகு காகிதம் வைக்க வேண்டும். காகிதக் கட்டைப் பிரித்ததும் ஜிப் கவரில் போட்டு மூட வேண்டும். அடை மழை நாளில் மக் வேலை மட்டும் எடுப்போம்.

துணியின் மேல் கிடக்கும் ஒற்றை நூல், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி, இவையும் படத்தில் கோடாக விழும். எம்பிராய்டரி நடக்கிற ஷெட்டில் நூல் பறக்காமல் இருக்காது. அதனால் பிரஸ் மேசையை ஜன்னலோரம் மாற்றினோம். அங்கே வைத்ததில் இன்னொரு நன்மை, எக்ஸாஸ்ட் ஃபேன். அழுத்தும்போது வருகிற புகையில் நீராவியோடு மையின் மற்ற கரைப்பான்களும் சிறிதளவு சாயமும் இருக்கும். டிஸ்பெர்ஸ் சாயங்களில் சில தோலில் ஒவ்வாமை உண்டாக்குபவை என்று மருத்துவர்கள் அறிவார்கள். நாள் முழுவதும் அதன் அருகே நிற்கிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம்.

வெள்ளைத் துணி ஏன் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் கேட்பார். இந்த மை ஒளி ஊடுருவும் சாயம். துணியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கி நிறம் காட்டுகிறது. கறுப்புத் துணியிலிருந்து திரும்பி வரவே வெளிச்சம் இல்லை. அங்கே எதை விழுங்க? வெள்ளை என்ற சாயமும் கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம், அச்சடிக்காமல் விட்ட துணிதான்.

தண்ணீர்த் தொட்டி இல்லாமல் சாயமேற்றுவது என்பதால் இதைச் சுற்றுச்சூழலுக்கு முழு விடையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். திருப்பூர்க்காரர்களுக்குச் சாயத்தண்ணீரின் விலை தெரியும். நொய்யல் ஆறு கெட்டதன் காரணமாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை யாரும் மறக்கவில்லை. இந்த முறையில் துணியைச் சாயத் தொட்டியில் முக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஓடியது பெரும்பாலும் பருத்திச் சாயம். பருத்திக்கு இது உதவாது. பாலியெஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்து வருவது, துவைக்கும்போது நுண்ணிழைகளை உதிர்ப்பது. ஒவ்வொரு ஜெர்சிக்கும் ஒரு காகிதம் குப்பைக்குப் போகிறது. இந்தத் தொழிலை நேசிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பட்டறையில் விலைமதிப்பான பொருள் எது என்று கேட்டால் பிரஸ்ஸோடு நூலில் கட்டித் தொங்கவிட்ட நோட்டைக் காட்டுவேன். ஒவ்வொரு புது வேலைக்கும் ஒரு வரி: என்ன துணி, எந்தக் கடை, எத்தனை டிகிரி, எத்தனை விநாடி, அழுத்தத் திருகு எத்தனை சுற்று, வானிலை. பக்கத்தில் அச்சடித்த துணியில் ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கும். கெட்டுப்போனதையும் ஒட்ட வேண்டும் என்பது அக்கா போட்ட விதி. தொடக்கத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது நாங்கள் அதிகம் புரட்டுவது அந்தக் கெட்டுப்போன துண்டுகள் உள்ள பக்கங்களைத்தான்.

போன மாதம் ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன் ஒரு சிவப்பு ஜெர்சியோடு வந்தார். ஊர்க் கபடி அணிக்காக வெள்ளை பிளாஸ்டிசால் மையில் எண் அடித்து, சூளையில் 160 டிகிரியில் காயவைத்திருக்கிறார். அடித்த அன்று பளிச்சென்ற வெள்ளை. மறுநாள் காலையில் எல்லா எண்ணும் ரோஸ் நிறம். மையில் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பும் கோபத்தில் இருந்தார்.

தம்பி ஜெர்சியைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். நோட்டை எடுத்து, எங்கள் முதல் சோதனையின் துண்டுகள் ஒட்டிய பக்கத்தை விரித்து அண்ணன் முன்னால் வைத்தான். "மை நல்ல மைதானுங்கண்ணா. இந்தச் சிவப்பும் எங்க சாயத்தோட சாதிதான், பாலியெஸ்டருக்குள்ள கரைஞ்சு கிடந்தது. நீங்க சூளையில சூடு பண்ணினதும் கிளம்பி மேல இருக்கிற வெள்ளைக்குள்ள ஏறியிருக்குது. கம்மிச் சூட்டுல காயற மையா வாங்கி, ஒரு ஜெர்சி மட்டும் அடிச்சுப் பாருங்க. துண்டை இங்க ஒட்டிடலாம்."